ஒரே வீட்டில் ஒரே தவறு

ஆஸ்பத்திரி ஸ்டோர்காரருக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணம் பேசியபோது பத்துப் பொருத்தத்தில் எத்தனை தேறியது என்று தெரியாது. ஒன்று மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. இருவர் படிப்பும் பாதியில் நின்றிருந்தது. அவர் கல்லூரியில் கணக்கோடு மல்லுக்கட்டி, கணக்கு ஜெயித்ததால் வெளியே வந்தவர். அவள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள். அப்பா படுத்த படுக்கையானதும் வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, நின்றுவிட்டாள்.

"நம்ம ரெண்டு பேரையும் ஒட்டுப் போட்டா ஒரு முழு டிகிரி தேறும்" என்பாள் அவள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. கையுறைப் பெட்டி எங்கே இருக்கிறது, குளுக்கோஸ் பாட்டில் எந்த அலமாரி என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டிய பையன்களெல்லாம் டிகிரி இருந்த ஒரே காரணத்தால் கண்காணிப்பாளராகி, இப்போது அவரையே "என்னங்க ஸ்டோர், சரக்கு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் ஒரு குறை உண்டு. குழந்தைகள் காப்பகத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, எழுத்துப் பழக்குவது, அழுகிற பிள்ளையைத் தூக்குவது எல்லாம் அவள்தான். ஆனால் டிகிரி இல்லாததால் பதவி உதவியாளர். உதவியாளர் என்றால் மூக்கையும் துடைக்க வேண்டும், தரையையும் துடைக்க வேண்டும்.

அந்த இணையவழிப் பாடங்களைக் கண்டுபிடித்தவள் அவள்தான். கையைக் கடிக்காத கட்டணம். வகுப்பு கிடையாது, நேரம் கிடையாது. அவரவர் வேகத்தில் படித்துக்கொள்ளலாம். தேர்வெழுதித் தேறினால் சான்றிதழ் வரும். அதைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கொடுத்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் உரிய கிரெடிட் மதிப்பைக் கணக்கில் ஏற்றிக்கொண்டு, நின்றுபோன படிப்பைத் தொடர விடுவார்கள்.

"கிரெடிட்னா கடன்தானே?" என்றார் ஸ்டோர்காரர் சந்தேகமாக.

"ஆமா. ஆனா இது அவங்க நமக்குத் தர வேண்டிய கடன்."

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் அதை வைத்துக்கொண்டு இருவரும் படித்தார்கள். மனித வளர்ச்சிப் பாடம் தானாக வந்தது, அறவியல் தூக்கத்தோடு வந்தது, புள்ளியியல் வரவே மாட்டேன் என்றது. பாடம் நடத்தும் குரல் "வணக்கம் நண்பர்களே! இன்று நாம் சராசரியைச் சந்திக்கப் போகிறோம்!" என்று துள்ளும். ஸ்டோர்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார்.

அவள்தான் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னாள். "எங்க காப்பகத்துப் பசங்க வரிசையா நிக்கிறாங்கன்னு வச்சுக்கோங்க. நடுவுல நீங்க போய் நிக்கிறீங்க. இப்ப சராசரி உயரம் என்னாகும்?"

"ஏறும்."

"எந்தப் புள்ளையாவது வளந்துச்சா?"

"இல்ல."

"அவ்ளோதாங்க சராசரி. யாரும் வளராமயே எல்லாரும் வளந்த மாதிரி காட்டும்."

கல்லூரிக் காலம் முழுக்கத் திறக்காத கதவு ஒன்று அவருக்குள் லேசாக அசைந்தது. அப்படியே ஒவ்வொன்றாக அவள் சொல்லிக் கொடுத்தாள், அவர் பிடித்துக்கொண்டார். ஓர் இடத்தில் மட்டும் அவளே சறுக்கினாள். ஒரு கணக்கில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். அவள் கழிக்காமல் வகுக்கச் சொன்னாள். அவரும் குரு வாக்கே திருவாக்கு என்று கழிக்காமலே வகுத்தார்.

புள்ளியியல் தேர்வன்று காலையில் வேலைக்குப் போகும் முன் அவர் எழுதினார். காப்பகத்திலிருந்து வந்து அவள் எழுதினாள். எங்கோ இருந்த ஒருவர் கேமரா வழியாக அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லி, மேஜைக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டுத்தான் தேர்வைத் திறந்துவிட்டார். இருவரும் ஒரே மதிப்பெண்ணில் தேறினார்கள். வராண்டாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு அவள் சான்றிதழ்களைக் காட்டினாள்.

கல்லூரி வாசலில் பெரிதாக எழுதியிருந்தது: "எங்கே கற்றாலும் ஏற்போம்."

உள்ளே எழுத்தர் சான்றிதழ்களை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்பி மேஜையில் வைத்தார்.

"வெளிய போர்டு போட்டிருக்கீங்களே" என்றார் ஸ்டோர்காரர்.

"ஏற்போம்னு போட்டிருக்கோம். எப்போன்னு போடலையே சார்."

விண்ணப்பம் கிரெடிட் மாற்று ஆய்வுக் குழுவுக்குப் போனது. குழுவின் தலைவர் நல்ல மனிதர். யார் வந்தாலும் எழுந்து நின்று கைகொடுப்பார். அந்தக் கை வேறு எதையும் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

"பாடத்தை எவ்வளவு நாளில் முடித்தீர்கள்?" என்று கேட்டார் தலைவர். அவர் வீட்டில்கூட எழுத்துத் தமிழில்தான் பேசுவார் என்று எழுத்தர் பிறகு சொன்னார்.

"ஒரு மாசத்துல முடிச்சுட்டோம் சார்" என்றாள் அவள், பெருமையாக.

தலைவர் முகம் வாடிவிட்டது. "எங்கள் மாணவர்கள் இதே பாடத்தை ஒரு பருவம் முழுக்கப் படித்தும் முடிப்பதில்லை. நீங்கள் ஒரே மாதத்தில் முடித்தால் ஒன்று நீங்கள் படிக்கவில்லை. அல்லது எங்கள் மாணவர்கள் படிக்கவில்லை. இரண்டாவதைக் குழுவால் ஏற்க முடியாது."

"உங்க வேகத்துல படிங்கன்னுதான் சொன்னாங்க சார்."

"படியுங்கள். வேகம் உங்களுடையது. காலம் எங்களுடையது."

தீர்வையும் அவரே சொன்னார். படிப்பு முடிந்துவிட்டது, காலம்தான் பாக்கி. பாக்கிக் காலத்தை ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

இப்படியாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டோர்காரரும் மனைவியும் ஒரு காலி வகுப்பறையில் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தர் வந்து வருகைப் பதிவு எடுப்பார்.

"ஒன்னு?"

"உள்ளேன் ஐயா."

"ரெண்டு?"

"உள்ளேன் ஐயா."

முதல் வாரம் அவள் ஒரு புத்தகம் கொண்டுபோனாள். எழுத்தர் அதைப் பறிமுதல் செய்தார். "படிப்பு முடிஞ்சிருச்சும்மா. இப்ப படிச்சீங்கன்னா அது கூடுதல் படிப்பு. அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்."

"பேசிக்கிட்டு இருக்கலாமா?"

"விவாத முறைக் கல்வி ஆயிடும்."

"தூங்கினா?"

எழுத்தர் யோசித்தார். "தூங்கலாம். நம்ம பசங்க அதானே பண்றாங்க."

அவள் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கினாள். ஸ்டோர்காரர் விழித்தபடி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்து வகுப்பிலிருந்து சுவரைத் தாண்டி ஒரு குரல் கேட்டது.

"வணக்கம் நண்பர்களே! இன்று நாம் சராசரியைச் சந்திக்கப் போகிறோம்!"

அவளைத் தட்டி எழுப்பினார். இருவரும் வெளியே வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். திரையில் அதே பாடம், அதே குரல். பெஞ்சுகளில் மாணவர்கள். ஓரமாக ஒரு நாற்காலியில் புள்ளியியல் பேராசிரியர், வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்த உறக்கத்தில்.

எழுத்தரிடம் ஓடினார்கள். அவர் அசரவில்லை. "ஆமா, போன வருஷத்திலிருந்து அதைத்தான் போடுறாரு. நல்லா நடத்துறாங்களாமே?"

"அதே பாடந்தாங்க நாங்களும் படிச்சோம்!"

"இருக்கலாம். ஆனா அங்க பேராசிரியர் கூட இருக்காரே."

"தூங்குறாரு சார்."

"இருக்காரா, இல்லையா?"

இருக்கிறார்தான். அதை மறுக்க முடியவில்லை. திரும்பிவந்து உட்கார்ந்தார்கள். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை, சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. பின்னாளில் அந்தச் சனிக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் அவர் மனசு கூசும். அத்தனை அவமானத்துக்கு நடுவிலும் அன்றைக்கு அவர்கள் இரண்டு பேராக இருந்தார்கள்.

காலம் கழிந்தது. கிரெடிட் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபோதுதான் குழுவில் யாரோ விடைத்தாள்களை வரவழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இருவரையும் கூப்பிட்டனுப்பினார்கள், தனித்தனியாக. முதலில் ஸ்டோர்காரர். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் குறிப்பெடுக்க எழுத்தர், மறுபக்கம் புள்ளியியல் பேராசிரியர், விழித்தபடி.

"ஒரே வீடு. ஒரே கணினி. ஒரே மதிப்பெண்" என்று ஆரம்பித்தார் தலைவர். "இதையெல்லாம்கூடக் குழு பொறுத்துக்கொள்ளும். ஆனால் இருவரும் ஒரே கணக்கில், ஒரே இடத்தில், ஒரே தவற்றைச் செய்திருக்கிறீர்கள். சரியான விடையை உலகமே ஒரே மாதிரி எழுதலாம். தவறான விடையை ஒரே மாதிரி எழுத ஒரே வீடு வேண்டும்."

"கேமராவுல பாத்துக்கிட்டே இருந்தாங்க சார். அடுத்தவங்க யாரும் ரூமுக்குள்ள இல்ல."

"கேமரா அறையைப் பார்க்கும். இல்லறத்தைப் பார்க்குமா?"

பேராசிரியர் மெல்லத் தலையாட்டினார்.

"குழுவின் நிலைப்பாடு எளியது" என்றார் தலைவர். "இதில் ஒன்று மூலம், ஒன்று நகல். மூலத்துக்குக் கிரெடிட் உண்டு. நகலுக்கு இல்லை. இருவரும் மூலம் என்று சொல்வீர்களானால் இரண்டையுமே நகலாகக் கருத வேண்டியிருக்கும். இப்போது சொல்லுங்கள். யார் முதலில் எழுதியது?"

சொல்ல வேண்டியது அவர் நாக்கின் நுனியில் நின்றது. 'யார் முதல்ல எழுதினாங்கங்கறது விஷயமே இல்ல சார். அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. அந்தத் தப்பும் அவளோடதுதான், மிச்சமெல்லாமும் அவளோடதுதான்.' அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மூச்சை இழுக்கும்போது கண்காணிப்பாளர் அறையின் சுழல் நாற்காலி கண்ணுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. கணக்கே வராதவன் என்று இந்த மூன்று பேருக்கும் தெரிந்துபோகுமே என்ற கூச்சம் வேறு.

"நான் காலையில எழுதினேன் சார்" என்றார். "அவ எனக்கு அப்புறம்தான் எழுதினா."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர் எழுத்தரிடம். "கணவர் ஒப்புக்கொண்டார்."

எழுத்தர் பேனாவை எடுத்தார். ஸ்டோர்காரர் வாயைத் திறந்தார். பேனா ஓடி முடித்து மூடி போட்டுக்கொண்டது. வாயும் மூடிக்கொண்டது.

வெளியே வந்ததும் அவள் எழுந்தாள். "என்ன கேட்டாங்க?"

"பொதுவாத்தான். யார் எப்ப எழுதினோம்னு."

அவள் உள்ளே போனாள். போன வேகத்திலேயே வெளியே வந்தாள். "ரெண்டு பேரும் ஒன்னா உக்காந்து படிச்சோம், நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன் சார்னு சொன்னேன். தலைவர் சிரிக்கிறாருங்க. 'குடும்பப் பாசம் புரிகிறது அம்மா'ங்கறாரு. எனக்கு ஒன்னும் புரியல."

அவருக்குப் புரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

அவர் கிரெடிட்டை ஏற்றார்கள். அவளுடையதை நிராகரித்தார்கள். "குழு அப்படி முடிவு பண்ணிட்டாங்க, நாம என்ன செய்ய முடியும்" என்றார் அவர். குழு என்ற சொல் எவ்வளவு விசாலமானது, ஒரு முழு ஆளே அதற்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் இரண்டு நாள் உம்மென்று இருந்தாள். மூன்றாம் நாள், "போகட்டும், உங்களுக்காவது கிடைச்சுச்சே" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பார். சோறு போட்டு, குழம்பை ஊற்றி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஆனால் கல்லூரிக்கு விழா எடுக்க வேண்டியிருந்தது. இணையக் கிரெடிட்டை முதன்முதலாக ஏற்ற சாதனைக்கு விழா, கிரெடிட் பெற்றவருக்குப் பாராட்டு. அவர் போகவேண்டாம் என்று எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. அவர் சட்டையைத் தேய்த்து வைத்தாள். தானும் நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. வாசலை வெளியே பூட்டியிருந்ததால் மாணவர்களால் எழுந்து போக முடியவில்லை. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"எங்கே கற்றாலும் ஏற்போம் என்றோம். ஏற்கிறார்களா என்று சிலர் கேலி பேசினார்கள். இதோ, ஒருவரை ஏற்றிருக்கிறோம்! விண்ணப்பித்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். தேறியவர் ஒருவர். இதைவிடத் தரத்துக்கு என்ன சான்று வேண்டும்? ஒருவருக்கு அறிவு இருக்கிறதா என்பதை எந்தக் கல்லூரியும் பார்த்துவிடும். அந்த அறிவு எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று பார்ப்பது நாம் மட்டுமே."

கைதட்டல். ஸ்டோர்காரர் மேடையில் நெளிந்தார்.

"நகல் ஒன்றும் நம் வாசலுக்கு வந்தது. அதைப் பிடிக்கக் குழு பட்ட பாடு கொஞ்சமல்ல. இறுதியில் நமக்குக் கைகொடுத்தவர் யார் தெரியுமா? இதோ, இவர்தான்! நகலெடுத்தவர் வேறு யாருமல்ல, இவருடைய சொந்த மனைவி. உறவா, தரமா என்ற கேள்வி எழுந்தபோது, 'அவள் எனக்குப் பிறகுதான் எழுதினாள்' என்று தயங்காமல் சாட்சி சொன்னார் இவர். இத்தகைய மனிதருக்கே கிரெடிட்!"

அரங்கம் அதிரக் கைதட்டியது. ஸ்டோர்காரர் கண்ணைத் தூக்கினார். மூன்றாவது வரிசையில் அவள் இருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் யார் அந்த மனைவி என்று தெரியாமல் உற்சாகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேடயத்தைக் கையில் கொடுத்து, மைக் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"அவ... அவ காப்பி அடிக்கல" என்றார். "எனக்குக் கணக்கு வராது. அவதான் சொல்லிக் குடுத்தா. அந்தத் தப்பு அவ சொல்லிக் குடுத்த தப்பு. நான் சரியா எழுதினது எல்லாமும் அவ சொல்லிக் குடுத்ததுதான். அன்னிக்கு என்னைக் கேட்டப்போ நான் இதைச் சொல்லல. வேணும்னேதான் சொல்லல. அவளுக்குச் சேர வேண்டியதை அவகிட்ட குடுத்துடுங்க."

தலைவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் அவர் எத்தனையோ விழாக்களைக் கண்டவர். மெல்ல வந்து ஸ்டோர்காரரின் தோளில் கைபோட்டு மைக்கை வாங்கினார். குரல் தழுதழுத்தது.

"பார்த்தீர்களா! மேடையில், எல்லோர் முன்னிலையிலும், தன் குற்றத்தைத் தானே சொல்கிறார். இந்தத் துணிவை இவருக்குத் தந்தது எது? நம் கல்லூரி ஏற்றுக்கொண்ட அறவியல் பாடம்! இந்த வாக்குமூலத்தை அந்தப் பாடத்தின் செய்முறைத் தேர்வாகக் கருதி, இவருக்கு மேலும் ஒரு கிரெடிட் வழங்கக் குழு இப்போதே தீர்மானிக்கிறது!"

கூரை பிய்ந்துவிடும் போலக் கைதட்டினார்கள். சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"சார், அவளோட கிரெடிட்?" என்று அவர் தலைவரின் காதருகில் கெஞ்சினார்.

தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "அந்தக் கோப்பு நகல் என்று மூடப்பட்டுவிட்டது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூலமே சரியில்லை. மூலம் சரியில்லாதபோது நகல் எப்படி ஐயா சரியாகும்? சிரியுங்கள், படம் எடுக்கிறார்கள்."

படத்தில் அவர் சிரித்த மாதிரிதான் விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கேடயத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்ல" என்றார்.

"சொன்னீங்க. நல்லாவே சொன்னீங்க."

"அப்புறம் ஏன்..."

"அன்னிக்கு உள்ள மூணு பேருதானே இருந்தாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "கை தட்ட ஆளில்ல. அதான் சொல்லல போலருக்கு."

பஸ் வந்தது. அவள் ஏறினாள்.

அவருக்கு டிகிரி வந்தது. பதவியும் வந்தது. சுழல் நாற்காலியில் அதிகம் சாய மாட்டார். சாய்ந்தால் அது க்ரீச்சென்று சத்தம் போடும், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். கல்லூரி விளம்பரத்தில் அவர் படம், 'நேர்மைக்கு ஒரு கிரெடிட்' என்ற வாசகத்தோடு. ஆஸ்பத்திரியில் வாழ்த்துச் சொன்னவர்களிடம் "ஏதோ கிடைச்சுச்சுங்க" என்று சொல்லிவிட்டு நழுவுவார். அடக்கமான மனுஷன் என்று பேரெடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். தூரத்து ஊர்க் கல்லூரி ஒன்று இதே சான்றிதழ்களை ஏற்றுக்கொள்வதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அவர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். அவள் திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

"இந்தப் பாடத்தை வேற யார்கூடவாவது சேர்ந்து படிச்சீங்களான்னு கேக்குறாங்க."

அவர் பையைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"இல்லன்னு போட்டுடவா?" என்றாள்.

அவர் பையை மேஜையில் வைத்தார்.

"போட்டுடு."

அவள் போட்டாள்.